சூடேறியதும் இழுக்காத வண்டி

மஞ்சப்பள்ளத்திலிருந்து வெளியே போக வேண்டுமென்றால் ஏறித்தான் ஆக வேண்டும். நாலு பக்கமும் காப்பித் தோட்டங்கள் சரிவாக எழும்பி நிற்க, அடியில் ஒரு கிண்ணத்துக்குள் ஊர் கிடந்தது. ஆஸ்பத்திரிக்கானாலும், கல்யாணத்துக்கானாலும், ரேஷன் அட்டையில் பேர் சேர்ப்பதற்கானாலும், முதலில் ஏழு கொண்டை ஊசி வளைவுகளை ஏறிக் கணவாயைத் தொட்டு, அங்கிருந்து மறுபக்கம் வத்தலக்குண்டுக்கு இறங்க வேண்டும். பஸ் வராத அந்த ஊரில் ஒரே ஒரு கார் இருந்தது. அது வீரணனுடைய பழைய வெள்ளை டீசல் கார். மனைவி இறந்த பிறகு அந்தக் காரும் மகன் ராக்கப்பனும்தான் அவருக்கு வீடு என்று ஊரில் சொல்வார்கள்.

ஒரு ஆடி மாதத்தில் அந்தக் காருக்கு ஒரு சீக்கு வந்தது. காலையில் குளிர்ந்து கிடக்கும்போது முதல் இரண்டு வளைவுகளைக் கன்றுக்குட்டி மாதிரித் தாவி ஏறும். சூடு காட்டும் முள் நடுக்கோட்டைத் தொட்டதும் யாரோ பின்னாலிருந்து கயிற்றைப் பிடித்து இழுப்பதுபோல் தளர்ந்துவிடும். புகை கக்குவதில்லை, தண்ணீர் கொதிப்பதில்லை, சத்தத்திலும் மாற்றமில்லை. ஆக்சிலேட்டரை எவ்வளவு அழுத்தினாலும் நடந்து போகிறவர்கள் முந்திக்கொண்டு போவார்கள். ஐந்தாவது வளைவில் அதுவும் நின்று, ஏறியிருக்கும் எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும்.

ஊரின் மெக்கானிக் சூசைமாணிக்கம், பலாமரத்தடியில் தகரக் கொட்டகை போட்டு மோட்டார் பம்புகளையும் காப்பிக்கொட்டை தோல் நீக்கும் இயந்திரங்களையும் பழுது பார்ப்பவர், காரைக் கொட்டகைக்குள் விடச் சொன்னார். குளிரில் நன்றாக ஓடுவது சூட்டில் கெடுகிறதென்றால் சூட்டில் மாறுகிற ஏதோ ஒன்றுதான் காரணம் என்று அவர் ஒவ்வொன்றாகத் தேடினார். டீசல் ஃபில்டரை மாற்றினார். டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்குமோ என்று மூடியைத் திறந்து வைத்தே ஓட்டிப் பார்த்தார். சூட்டில் மெலிந்து உள்பக்கம் ஒட்டிக்கொள்கிறதோ என்று ரப்பர்க் குழாய்களை மாற்றினார். பிரேக் சூட்டில் பிடிக்கிறதோ என்று சக்கரத்துக்குச் சக்கரம் கைவைத்துப் பார்த்தார். சைலன்சரைக் கழற்றிவிட்டு ஓட்டியபோது கிண்ணம் முழுவதும் அதிர்ந்து கோழிகள் கூரை மேல் ஏறின, கார் மட்டும் ஏறவில்லை. மதுரைக்கு அனுப்பிய டீசல் பம்ப், குளிரிலும் சூட்டிலும் ஒரு குறையும் இல்லை என்ற பதிலோடு திரும்பி வந்தது.

கடைசியாக அவர் பின் சக்கரங்களைக் கட்டை கொடுத்துத் தூக்கி நிறுத்தி, வண்டியைக் கியரில் போட்டு, பிரேக்கை லேசாக மிதித்தபடியே ஓட்டும்படி வீரணனிடம் சொன்னார். ஏற்றத்தில் இன்ஜின் சுமக்கும் பாரத்தை இப்படி நின்ற இடத்திலேயே உண்டாக்கலாம். முள் நடுக்கோட்டுக்கு வந்தது, இன்ஜின் தளர்ந்தது, சூசை பானெட்டுக்குள் தலையை விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். பலம் எங்கோ போகிறது, ஒழுகுகிற இடம்தான் தெரியவில்லை என்று அவர் வீரணனிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது வேலிப்பக்கமிருந்து ஒரு பெண்குரல் கேட்டது.

"காலையில இருந்து ஒரே சத்தம். என்னண்ணே ஆச்சு வண்டிக்கு?"

"சூடானா இழுக்க மாட்டேங்குது தாயி" என்று நிமிராமலே பதில் சொன்ன சூசை, ஸ்பானரை இரண்டு முறை திருகிவிட்டுத்தான் தலையைத் தூக்கினார். வேலியைப் பிடித்துக்கொண்டு அடுத்த வீட்டுச் செண்பகவல்லி நின்றிருந்தாள். மிளகு பறிக்கும்போது ஏணியிலிருந்து விழுந்து முதுகெலும்பு நொறுங்கி, இடுப்புக்குக் கீழே உயிரில்லாமல் வருஷக்கணக்காகக் கட்டிலில் கிடந்தவள் அவள். கால் இரண்டும் குச்சியாக இளைத்திருந்தன. அந்தக் கால்களில்தான் நின்றாள். தான் நிற்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்ததுபோலக் கீழே குனிந்து பாதங்களைப் பார்த்தாள்.

வீரணன் பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். சூசை சாவியை நோக்கிக் கையை நீட்டினார்.

"சூசைண்ணே" என்றாள் அவள் மெதுவாக. "அணைச்சிராதீங்க."

அன்று டீசல் தீரும்வரை கார் ஓடியது. ஓடியவரைக்கும் அவள் வேலியோரமாகப் போய் வந்துகொண்டிருந்தாள். இன்ஜின் நின்று, பானெட்டைத் தொட்டால் சுடாத அளவுக்கு ஆறியபோது, அவள் கொட்டகை வாசலில் இருந்த டயரின் மேல் உட்கார்ந்தாள், கால்கள் துணியாகத் தொங்கின, தோட்டத்திலிருந்து வந்த அவள் புருஷன் தங்கையா அவளைத் தூக்கிக்கொண்டு போனான்.

மஞ்சப்பள்ளம் இதைப் பற்றி அதிகம் வியக்கவில்லை. போன பலம் எங்கே போனது என்று தெரிந்துவிட்டதில் சூசைக்குக்கூட ஒரு நிம்மதி. ஊர் யோசித்ததெல்லாம் இனி எப்படி நடந்துகொள்வது என்பதைத்தான். காரும் அவளும் பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை என்பது சீக்கிரமே தெரிந்தது. வீரணன் கணவாயைத் தாண்டி மறுபக்கம் இறங்கிக்கொண்டிருக்கும்போதும் அவள் இங்கே தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தாள். பொம்பளைகள் அவளைப் பார்த்துத்தான் கார் எங்கே இருக்கும் என்று கணக்குப் போட்டார்கள். செண்பகம் எழுந்துவிட்டாளா, வண்டி இரண்டாவது வளைவைத் தாண்டிவிட்டது. உட்காரப் போகிறாளா, வீரணன் எங்கோ நிறுத்திச் சாப்பிடுகிறார். இதைக் கேள்விப்பட்ட வீரணன் அதற்குப் பிறகு வத்தலக்குண்டில் டீ குடிக்க நின்றாலும் இன்ஜினை அணைப்பதில்லை. கடைக்காரர்கள் திட்டினார்கள், போலீஸ்காரர் ஒருவர் கண்ணாடியைத் தட்டினார். அவர் எல்லோரிடமும் அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது என்று சொல்லிச் சமாளித்தார்.

தள்ளுவதை ஊரே ஏற்றுக்கொண்டது. நாலாவது வளைவு வந்ததும் யாரும் சொல்லாமலே ஆண்கள் இறங்கிக் காருக்கு இரண்டு பக்கமும் நடந்தார்கள், ஐந்தாவது வளைவில் தோளைக் கொடுத்தார்கள், கல்யாணத்துக்குப் போகிறவர்கள் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினார்கள். மூட்டைகளைக் காரில் ஏற்றுவதை விட்டுவிட்டார்கள். தீபாவளிக்கு வாங்கிய சாமான் மூட்டைகள் கணவாயிலிருந்து தலைச்சுமையாகக் கீழே இறங்கின. ஒருத்தி நடப்பதற்கு ஊரே தள்ள வேண்டுமா என்று டீக்கடையில் ஒருவன் கேட்டான். யாரும் அவனோடு சண்டைக்குப் போகவில்லை. மறுநாள் அவனுடைய மனைவியே முதல் ஆளாகப் போய்க் காரைத் தள்ளிவிட்டு வந்ததில் அவன் வாய் அடைத்தது. பானெட்டில் விபூதி பூசினார்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள் கண்ணாடியில் ஜெபமாலை ஒன்றைத் தொங்கவிட்டார்கள். பக்கத்து எஸ்டேட்டிலிருந்து வாதத்தில் விழுந்த தகப்பனைத் தூக்கி வந்த ஒருவன், அனுமதி கேட்டு, சூடான பானெட்டின் மேல் போர்வை விரித்து அவரைப் படுக்க வைத்துக் காத்திருந்தான். போர்வைதான் சூடானது. அவன் நன்றி சொல்லிவிட்டுத் தகப்பனைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போனான்.

செண்பகம் முதலில் வேலிவரை நடந்தாள், பிறகு ஓடைவரை, பிறகு ஐப்பசி மழை விட்டதும் மற்றப் பெண்களோடு காப்பிப் பழம் பறிக்கவும் போனாள். எங்கே இன்ஜின் ஆறிவிடுமோ என்று பயந்து தங்கையா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அவள் போகுமிடமெல்லாம் பின்னாலேயே போனான். அதைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் இல்லை, அவனும் சேர்ந்து சிரிப்பான். மகள் கனகு, நாலாம் வகுப்புப் படிக்கிறவள், நினைவு தெரிந்ததிலிருந்து தன் சடையைத் தானே கோணலாகப் பின்னிக்கொண்டு போனவள், முதல் தடவையாக முதுகுக்குப் பின்னால் அம்மா நின்று பின்னியபோது, முடித்த பிறகும் திரும்பாமல் அப்படியே நின்றுகொண்டிருந்தாள். வீரணன் அந்த வீட்டு வழியாகப் போகும்போது மட்டும் ஹாரன் அடிப்பார். அவள் வாசலுக்கு வந்து நிற்பாள். பேசிக்கொள்வதற்கு எதுவும் இருக்காது. அவருக்கு அது போதுமாக இருந்தது. காரை இனிப் பழுது பார்க்க வேண்டாம் என்று அவர்தான் சூசையிடம் சொன்னார்.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராக்கப்பனைத் தேனீ கொட்டியது. பட்டுப்போன கிளையை வெட்ட ஒரு சில்வர் ஓக் மரத்தடிக்குப் போயிருந்தான். உச்சியில் இருந்த அடையை ஒரு பருந்து கலைத்துவிட, மலைத்தேனீக்கள் கரும்புகை மாதிரி அவன்மேல் இறங்கிவிட்டன. தீப்பந்தம் கொளுத்திக்கொண்டு போய்த் தூக்கி வந்தவர்களுக்கு அவன் முகத்தில் கண் இருக்கும் இடம் தெரியவில்லை. மூச்சு விசில் அடித்தது. லீவு நாள் என்று கார் குளிர்ந்து கிடந்தது, செண்பகம் கட்டிலில் கிடந்தாள்.

பின்சீட்டில் தங்கையாவின் மடியில் ராக்கப்பனைக் கிடத்தி வீரணன் காரை எடுத்தார். முதல் வளைவு, இரண்டாவது வளைவு, கார் பாய்ந்தது. மூன்றாவது வளைவுக்கு முன்னால் முள் நடுக்கோட்டைத் தொட்டது. கீழே கட்டிலில் செண்பகத்தின் தொடைகளில் சூடு ஓடியது. எழுந்து வந்து, நேரங்கெட்ட நேரத்தில் கார் எதற்குப் போகிறது என்று வாசலில் ஓடியவர்களைக் கேட்டாள். சொன்னார்கள். அவள் திரும்பக் கட்டிலில் படுத்துக்கொண்டாள். படுத்துக் கட்டில் சட்டத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, வேண்டாம், வேண்டாம், திரும்பிப் போ என்று தன் கால்களிடம் சொன்னாள். தான் எழுந்திருக்காவிட்டால், அந்தப் பலத்தைத் தொடாமல் விட்டுவிட்டால், அது வந்த வழியே போய்விடும் என்று நினைத்தாள். கால்கள் கேட்கவில்லை. உதைத்துக்கொண்டு துடித்தன. கட்டிலே அதிர்ந்தது. மேலே இன்ஜின் தளர்கிற சத்தம் கிண்ணத்தின் சுவர்களில் மோதி அவள் காதுக்கு வந்தது.

அவள் எழுந்து ஓடினாள். ரோட்டில் ஓடாமல் வளைவுகளை வெட்டிக்கொண்டு போகும் ஒற்றையடிப் பாதையில், காப்பிச் செடிகளைப் பிடித்துப் பிடித்து ஏறினாள். ஐந்தாவது வளைவுக்கு அவள் வந்து சேர்ந்தபோது கார் நின்றிருந்தது, ஊரில் கை உள்ள அத்தனை பேரும் அதன் முதுகில் இருந்தார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு அவள் டிக்கியில் தோளைக் கொடுத்தாள். இன்ஜினிடமிருந்து அவளுக்கு வந்த பலம் முழுவதையும் அவள் கைகளால் அதே காருக்குத் திருப்பிக் கொடுத்தாள், பக்கத்தில் நின்றவர்களுக்கு அது தெரிந்தது, அவள் தள்ளும்போதெல்லாம் கார் உறுமி ஒரு முழம் நகர்ந்தது. ஆனால் இன்ஜின் தார்ச்சாலையைப் பிடிக்கிற மாதிரி ஒரு பெண்ணின் வெறுங்கால் பிடிக்காது. குதிகால் வழுக்கியது, தோல் உரிந்து ரோட்டில் ரத்தம் கோடு போட்டது. வீரணன் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். முன்னால் பார்த்து ஆக்சிலேட்டரை இன்னும் அழுத்தினார்.

ஆறாவது வளைவையும் அப்படியே கடந்தார்கள். ஏழாவதில் பின்சீட்டிலிருந்து தங்கையா குனிந்து அவர் தோளைத் தொட்டான்.

"அண்ணே" என்றான். "இனிமே அவசரப்பட வேண்டாம்ண்ணே."

வீரணன் இன்ஜினை அணைத்தார். சூடேறியபின் அவர் அதை வழியில் அணைத்தது ரொம்ப நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான். எல்லோரும் ஆளுக்கொரு இடத்தில் ரோட்டில் உட்கார்ந்தார்கள். செண்பகம் காரின் பின்னால் உட்கார்ந்தாள், சிறிது நேரத்தில் அவளால் எழுந்திருக்க முடியாமல் போனது. ராக்கப்பனைக் கிடத்திய காரில் வேறு யாருக்கும் இடமில்லை. வீரணன் நியூட்ரலில் சத்தமில்லாமல் காரை இறக்கிக்கொண்டு போக, தங்கையா பெண்டாட்டியை முதுகில் சுமந்துகொண்டு பின்னால் நடந்தான்.

அதற்குப் பிறகு வீரணன் காரை எடுக்கவில்லை. யாரும் எடுக்கச் சொல்லவில்லை. சாமான் வாங்கப் போகிறவர்கள் விடிவதற்கு முன்பே எழுந்து கணவாய்வரை நடந்தார்கள். செண்பகத்தை யாரும் குறை சொல்லவில்லை. அவள் வீட்டுப் பக்கம் யாரும் போகவுமில்லை. அவளுக்கு அந்த இரண்டில் எது பெரிய தண்டனை என்று சொல்லத் தெரியவில்லை. குதிகாலில் உரிந்த புண் ஆறவில்லை, வலிக்கவுமில்லை.

தை கடந்து ஒரு நாள் மத்தியானம் வீரணன் அவள் வீட்டுக்கு வந்தார். தங்கையா எழுந்து நின்று அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டான். அவர் உட்காரவில்லை. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, வேறு இன்ஜின் ஒன்று பார்த்து வைத்திருப்பதாகவும், பழையதைக் கழற்றிவிடப் போவதாகவும், சொல்லாமல் செய்ய மனது வரவில்லை என்றும் சொன்னார்.

"மாத்திருங்கண்ணே" என்றாள் அவள்.

"உன்மேல கோவம் ஒண்ணும் இல்ல தாயி."

"இருந்தாலும் தப்பில்லண்ணே."

அவர் நிலைப்படியிலிருந்து கையை எடுத்தார். "இருக்கு" என்றார் பிறகு. "இல்லைன்னு சொல்லிப் பார்த்தேன். இருக்கு. கண்ணாடியில நீ தெரிஞ்சப்ப, அந்தக் கால ரெண்டையும் பிடுங்கிப் போட்டுரலாம்னு நெனச்சேன். அத்தனை பேர்லயும் நீதான் அதிகமாத் தள்ளுன. எனக்கு அது தெரியாமயும் இல்ல."

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். தங்கையாதான் வாசல்வரை அவர் பின்னால் போய், கழற்றுகிற இன்ஜினை எடைக்குப் போட வேண்டாம், தனக்குத் தர வேண்டும் என்று கேட்டான். எடுத்துக்கொள் என்று அவர் திரும்பிப் பார்க்காமல் போனார்.

புது இன்ஜினைப் பொருத்தியதும் சூசைதான். பழையதை அவரே ஆள் வைத்துத் தூக்கிக் கொண்டுவந்து தங்கையா வீட்டுக் கொல்லையில் இரும்புச் சட்டம் போட்டு இறக்கி, ரேடியேட்டரை மாட்டி, ஓடையிலிருந்து மேட்டுத் தோட்டத்துக்குத் தண்ணீர் ஏற்றும் பம்போடு பெல்ட் போட்டு இணைத்தார். பாரம் இருந்தால்தான் பலம் வெளியே வரும் என்பது அவர் கணக்கு. தங்கையா கட்டிலோடு செண்பகத்தைக் கொல்லைக்குத் தூக்கி வந்து போட்டான். கனகு அம்மாவின் காலடியில் உட்கார்ந்து கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்ஜினைக் கிளப்பினார்கள். முள் நடுக்கோட்டுக்கு வந்தது, தாண்டியது. தண்ணீர் மேட்டில் போய்க் கொட்டுகிற சத்தம் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. சூசை இன்னும் பாரத்தைக் கூட்டினார். சூட்டில் அந்த இன்ஜின் துளிகூடத் தளரவில்லை. அவர் அதன்மேல் கை வைத்தபடி நின்றார். கட்டைவிரல் அசையவில்லை.

இதைப் பற்றி வீரணனிடம் சொல்ல வேண்டாம் என்று அவர் தங்கையாவிடம் கேட்டுக்கொண்டார். ஆனால் கிண்ணம் மாதிரி ஊரில் இன்ஜின் சத்தம் யாருக்குக் கேட்காமல் இருக்கும். அது தளராமல் இழுக்கிற சத்தம் என்பது வீரணனுக்குக் கேட்டதுமே தெரிந்திருக்கும். தங்கையா தினமும் சாயங்காலம் அதைக் கிளப்பினான். மேட்டுத் தோட்டத்துக்குத் தண்ணீர் போதும் என்று ஆன பிறகும் கிளப்பினான். தண்ணீர் வரப்பை உடைத்துக்கொண்டு வெறுமனே ஓடியது. நிறுத்தச் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை. ஒரு நாள் செண்பகமே அவனைக் கூப்பிட்டு, காது வலிக்கிறது என்றாள். அன்றோடு நிறுத்தினான்.

வீரணனின் கார் ஏழு வளைவுகளையும் நிற்காமல் ஏறியது. முதல் கொஞ்ச நாள் நாலாவது வளைவு வந்ததும் ஆண்கள் பழக்கத்தில் கதவைத் திறந்தார்கள், பிறகு வெட்கப்பட்டு மூடிக்கொண்டார்கள். மூட்டைகள் மறுபடி காரில் ஏறின. ஆனால் பேச்சுக் குறைந்துவிட்டது. முன்பெல்லாம் ஒன்றாகத் தள்ளி ஒன்றாக மூச்சு வாங்கியவர்கள் இப்போது ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

வைகாசியில் செண்பகத்துக்கு முதுகில் படுக்கைப் புண் வைத்துக் காய்ச்சல் விடாமல் அடித்தது. தங்கையா போய் நின்றதும் வீரணன் எதுவும் கேட்காமல் சாவியை எடுத்தார். பின்சீட்டில் அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலையைத் தங்கையா மடியில் தாங்கிக்கொண்டான். ராக்கப்பனைத் தாங்கியதும் அதே மடிதான் என்பது மூன்று பேருக்கும் தெரியும். கார் ஏறியது. இரண்டாவது வளைவு போனது, முள் நடுக்கோட்டைத் தொட்டது. தங்கையா தன்னையறியாமல் அவள் முழங்காலில் கையை வைத்துப் பார்த்தான். சேலைக்கு அடியில் அது குளிர்ந்திருந்தது. நாலாவது போனது, ஐந்தாவது போனது. கார் எங்கும் நிற்கவில்லை, தயங்கவில்லை.

கணவாய் உச்சியில் வீரணன் வண்டியை நிறுத்தினார். இன்ஜினை அணைக்கவில்லை. மேலே வெயில் அடித்துக்கொண்டிருந்தது, கீழே மறுபக்கத்துச் சமவெளி முழுவதும் தெரிந்தது. தண்ணீர் பாட்டிலைத் திறந்து பின்னால் நீட்டினார், தங்கையா வாங்கி அவள் வாயில் ஊற்றினான். அவள் இரண்டு வாய் குடித்துவிட்டுக் கண்ணைத் திறக்காமல் கொஞ்ச நேரம் இன்ஜினைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நல்லா இழுக்குதுண்ணே" என்றாள்.

வீரணன் கண்ணாடியைப் பார்க்கவில்லை.

"ஆமா தாயி" என்றார். கியரைப் போட்டார். "இனிமே இறக்கந்தான்."